சாப்பாடு போட்ட சதிகாரன்

அண்ணிக்குக் கோபம் வந்தால் கதவை ஓங்கி அறைய மாட்டார். மெதுவாகச் சாத்துவார். அன்று அவர் கார் கதவைச் சாத்திய சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

"இன்னிக்கு எவனோ தொலைஞ்சான்" என்றேன்.

"மணி என்ன?"

"பதினொன்னே கால்."

"மூணு மணிக்குள்ள முடிக்கணும். வாயை மூடிட்டு வா."

"ரெண்டுல ஒன்னுதான் முடியும் அண்ணி. வரேன்."

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தீப்பிடித்த கடைக்குள் போய், தானாக எரிந்ததா, முதலாளி கொளுத்தினாரா என்று சாம்பலைக் கிளறிச் சொல்கிற வேலை. அதை விட்டுவிட்டு இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அண்ணன் கப்பலில் ஊர் ஊராகச் சுற்றுவதால், அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று குடும்பத்தார் என்னை அனுப்பி வைத்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, முப்பது வேளைத் திட்டு. குறையொன்றும் இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் காவலாளி எங்களை நிறுத்தி, பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், யாரைப் பார்க்க, எதற்கு, வண்டி எண் என்று எல்லாம் எழுதினேன். இன்னும் ரத்த வகை மட்டும்தான் பாக்கி. அதற்குள் பின்னால் ஒரு கார் வந்தது. தடுப்புக் கம்பி தானாக மேலே போனது. காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"அவருக்குக் கையெழுத்து வேண்டாமா?" என்றேன்.

"அவரு துறைத் தலைவர் சார்."

"நாங்க என்ன, தலையில்லாதவங்களா?"

அண்ணி என் முதுகில் ஒரு குத்து விட்டார். ஆனால் அவர் கண் அந்தப் பதிவேட்டின் முந்தைய பக்கங்களில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மூன்றாவது மாடிக்குப் போனவர்கள் இரண்டே பேர். அதை அவர் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

எங்களை அழைத்தவர் மூன்றாவது மாடியின் செல் வளர்ப்புக் கூடத்தில் பதினாலு வருடமாக வேலை செய்கிற டெக்னீஷியன். எல்லோரும் அவரை எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலியின் எலும்பை அவரைப்போல் சுத்தமாக எடுக்க அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. காலை எட்டு மணிக்கு அண்ணிக்கு அவர்தான் போன் செய்திருந்தார்.

"அழுதிருந்தா நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணி, படியேறிக்கொண்டே. "அவ கத்தினா. அதான் இன்னிக்கே கிளம்பினேன்."

விஷயம் இதுதான். எலும்பக்கா வளர்த்து வந்த பன்னிரண்டு தட்டுச் செல்கள் திங்கட்கிழமை காலையில் காணாமல் போயிருந்தன. வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று அவர்மேல் பழி. இன்று மூன்று மணிக்குள் அவராகவே ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், இனி எந்த ஆய்வுக்கூடமும் இவரைச் சேர்க்கக்கூடாது என்ற குறிப்போடு வெளியே அனுப்புவார்கள்.

மூன்றாவது மாடியில் முதலில் எதிர்ப்பட்டவர் அந்தத் துறையின் புரொபசர். சற்று முன் காரில் போனவர் அவர்தான். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை, மென்மையான குரல். தன் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நல்ல பொண்ணுதான்" என்றார். "ஆனா போன மாசம் ஒரு கட்டுரையில அவ பேரு விட்டுப்போச்சு. அதுக்கு ஒரே சண்டை. மனசுல வச்சிருந்து பழி தீத்துட்டா. அந்த வகை எலி இனி கிடைக்க ஒரு வருஷம் ஆகும். எனக்கு வருத்தமா இருக்கு."

வருத்தம் அவர் குரலில் மட்டும்தான் இருந்தது. எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டால் எங்கள் தெருவே காலியாகிவிடும் என்று அண்ணி சொல்வார்.

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. இளவயது புரொபசர் ஒரு மேசைமுன் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சாய்த்த கண்ணாடிப் பாட்டில். பக்கத்தில் சின்னதாக ஒரு சுடர்.

"பிறந்தநாளா சார்? மெழுகுவத்தி ஊதப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "விழுங்கு செல்லைப் பத்தின என்னோட முதல் ஆராய்ச்சி அது. இந்த நிலையத்தையே அதை வச்சுத்தான் எழுப்பினாங்க."

"இப்பவும் நீங்களே தட்டு போடுவீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"எங்க நேரம்? நான் தட்டைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார். அதை மட்டும் கொஞ்சம் ஏக்கமாகச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் எலும்பக்கா எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது தாண்டியவர். கத்தரி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரல் ஓரத்தில் காய்த்திருந்தது. வணக்கம் சொல்லவில்லை. நேராக ஒரு பெரிய நோட்டை மேசைமேல் போட்டார். டப்பென்று விழுந்தது.

"முதல்ல இதைப் படிங்க மேடம். அப்புறம் பேசலாம்."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு எலி. எண், தேதி, கொன்றது யார், எதற்காக, கடைசிக் கட்டத்தில் 'என்ன கிடைத்தது'. பதினாலு வருடப் பக்கங்களிலும் அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது. கடைசி ஆறு வரியில் மட்டும் வேறு கையெழுத்து. ஆறு வரிக்கும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, 'பணியாளரின் வன்மத்தால் வீண்' என்று எழுதியிருந்தது.

"புரொபசர் எழுதினதா?"

"அவரேதான். வேலை போனா போகட்டும் மேடம். வேற எங்கயாவது பாத்திரம் கழுவியாவது பிழைச்சுக்குவேன். அந்த வரி இருக்கக்கூடாது." அவர் குரல் ஏறியது. "ஆறு எலியையும் கழுத்தைப் பிடிச்சுக் கொன்னது என் கை. ஒன்னைக்கூட சும்மா கொல்லக்கூடாதுன்னு இந்த நோட்டை நான்தான் ஆரம்பிச்சேன். ஒவ்வொன்னுக்கும் பதில் சொல்லணும்னு. என் கையால கொன்னதை நானே சாக்கடையில கொட்டினேன்னு எழுதிட்டாரே, அவருக்கு எப்படி மனசு வந்துச்சு?"

எனக்கு வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு நினைச்சுக்கோங்க. முதல்லருந்து சொல்லுங்க. என்ன வளக்கிறீங்க?"

"எதிர்ப்புச் செல். உடம்புக்குள்ள எதிரி நுழைஞ்சா முதல்ல மோப்பம் பிடிச்சு, அதைத் துண்டு பண்ணி, மத்த செல்லுக்கெல்லாம் அடையாளம் காட்டுற செல். கிளைகிளையா கையை நீட்டிட்டு இருக்கும். கிளைச்செல்லுன்னு சொல்லுவோம்."

"ஓ, உள்ளேயும் ஒரு அண்ணி இருக்காங்க" என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"எலியோட தொடை எலும்பையும் கால் எலும்பையும் எடுத்து, சதையை வழிச்சு, ரெண்டு முனையையும் கத்தரிச்சிடுவேன். ஒரு முனையில ஊசியை வச்சு மீடியத்தை அடிச்சா, மறு முனை வழியா மஜ்ஜை சிவப்பு நூல் மாதிரி வெளிய வரும். எலும்பு வெளுக்கிற வரைக்கும் அடிக்கணும். வந்ததைத் தட்டுல விட்டு, வளர்ச்சிப் புரதம் கலந்த மீடியம் ஊத்தி, உடம்புச் சூட்டுல வச்சு எட்டு நாள் காவல் காக்கணும். மீடியம்தான் அதுக்குச் சாப்பாடு. மூணாவது நாள் கொஞ்சம் சேப்பேன். ஆறாவது நாள் பாதியை மாத்துவேன். எட்டாவது நாள் அறுவடை."

"அப்ப ஆறாவது நாள்..."

"ஞாயித்துக்கிழமை. எட்டாவது நாள் நேத்து, செவ்வாய். இந்தத் தடவை இன்னொரு நாள் விட்டு இன்னிக்கு எடுக்கலாம்னு இருந்தேன். அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தேன். பாதி மீடியத்தை மாத்தினேன். கொத்துக்கொத்தா மிதந்துச்சு மேடம். பதினாலு வருஷத்துல அப்படி வந்ததில்ல. பத்தரைக்குக் கிளம்பிட்டேன். திங்கக்கிழமை காலையில மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தா, மிதந்தது ஒன்னுகூட இல்ல."

"மிதக்கிறதுதான் கிளைச்செல்லா?"

"ஆமா. நமக்கு வேண்டியதே மிதக்கிறதுதான். அதனாலதான் பாதி மீடியத்தை எடுத்தாலும் கொட்ட மாட்டோம். மெஷின்ல வச்சுச் சுழற்றி, அடியில தங்குற செல்லைப் பத்திரமா திருப்பித் தட்டுல விட்டுடுவோம்."

அண்ணி மைக்ராஸ்கோப்பில் ஒரு தட்டைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தட்டின் அடியில் பொரித்த முட்டை மாதிரி சில செல்கள் தட்டையாகப் பரவி ஒட்டியிருந்தன.

"இது என்ன?"

"விழுங்கு செல். அதுவும் மஜ்ஜையிலருந்து வர்றதுதான். தட்டுல பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். எங்களுக்கு அது வேண்டாம்."

"செத்துப்போச்சா?"

"எங்க செத்துச்சு? நல்லா கொழுகொழுன்னு இருக்கு." எலும்பக்கா தன் போனை எடுத்தார். "திங்கக்கிழமை காலையில எடுத்த போட்டோ பாருங்க. தட்டெல்லாம் நல்ல சிவப்பு. செல் சாப்பிடச் சாப்பிட மீடியம் ஆரஞ்சா மாறும், அப்புறம் மஞ்சளாகும். நான் பாதிதான் மாத்தினேன். ஒரு நாள் கழிச்சு ஆரஞ்சாத்தான் இருக்கணும். ஆனா அப்பத்தான் பாட்டில்லருந்து ஊத்தின மாதிரி இருந்துச்சு. இதைச் சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

அண்ணி மெதுவாக எழுந்தார். அந்த மெதுவைப் பார்த்ததும் நான் ஒரு அடி தள்ளி நின்றேன்.

"தம்பி, ஒருத்தர் மேல இருக்கிற கோபத்துல இந்தத் தட்டைக் கெடுக்கணும்னா நீ என்ன பண்ணுவ?"

"ப்ளீச் ஊத்துவேன். இல்லேன்னா கதவைத் திறந்து போட்டுட்டுப் போவேன். நேரம் இருந்தா தும்முவேன்."

"புது மீடியம் ஊத்துவியா? பன்னிரண்டு தட்டுக்கும் மூடி போட்டு, அடுக்கி, சூட்டுல வச்சிட்டுப் போவியா?"

"நான் என்ன அதுக்கு மாமியாரா, விருந்து வைக்க?"

"அதேதான். வந்தவன் கெடுக்க வரல. சாப்பாடு போட வந்திருக்கான். பழசை உறிஞ்சிக் கொட்டிட்டுப் புதுசை ஊத்தியிருக்கான். மிதந்தது அதோட போயிடுச்சு. மிதக்கிறது வேண்டாத குப்பைன்னு நினைக்கிறவன்."

எலும்பக்காவின் முகம் மாறியது. "இங்க அப்படி நினைக்கிறவங்க யாரு இருக்கா?"

அண்ணி குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார். "அந்த மீடியம் பாட்டில் எங்க?"

குளிர்பெட்டியிலிருந்து எலும்பக்கா பாட்டிலை எடுத்தார். "இது வேற ரெண்டு மூணு நாளா உயிரை வாங்குது. மூடி சரியா உக்கார மாட்டேங்குது."

அண்ணி மூடியைக் கழற்றி, பாட்டிலின் வாயை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் பழைய இன்சூரன்ஸ் ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"வாய் கோணியிருக்கு. பிளாஸ்டிக் லேசா இளகி, திரும்ப இறுகியிருக்கு. தீயில காட்டியிருக்காங்க. ஒரு தடவையில்ல, பல தடவை. இந்த ரூம்ல தீ உண்டா?"

"சுத்தக் காத்து பெட்டிக்குள்ள வச்சுத்தான் எல்லா வேலையும். அதுக்குள்ள தீ வைக்கவே கூடாது. நான் இங்க சேந்த நாள்லருந்து ஒரு தீக்குச்சி கிழிச்சதில்ல."

"இந்த மாடியில யாருகிட்ட இருக்கு?"

"எதிர் லேப்ல. பாக்டீரியா வளக்கிறவரு. கிருமி சார்னு சொல்லுவோம். அவருகிட்ட ஸ்பிரிட் விளக்கு இருக்கு."

நான் அண்ணியின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவேட்டின் இரண்டாவது கையெழுத்து. இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, பாக்டீரியா லேப். சாட்சாத் கிருமி சார்.

"மாட்டினான்!" என்றேன்.

கிருமி சார் குட்டையான மனிதர். கையில் ஒரு கம்பி வளையத்தைச் சுடரில் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் அந்தப் பாட்டிலை அவர் மேசைமேல் வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை எதிர் லேப்ல உங்களுக்கு என்ன வேலை சார்?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். வாயைத் தடவினார். பிறகு கொதித்தெழுந்தார்.

"யோவ், கிருமி சாகணும்னு நான் ஒரு நாளைக்கு நூறு தடவை தீ காட்டுறவன். கம்பியைக் காட்டுவேன். கண்ணாடியைக் காட்டுவேன். பிளாஸ்டிக்கைக் காட்ட நான் என்ன மடையனா? எவன்யா உன்னை அனுப்புனது?"

"இவங்கதான்" என்று அண்ணியைக் காட்டினேன். ஆபத்தில் எனக்குக் குடும்பப் பாசம் குறைவு.

"சார், உங்க விளக்கு எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று கேட்டார் அண்ணி.

"அந்தக் கொடுமையைத்தான் மூணு நாளா சொல்லிட்டிருக்கேன்! ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மூடி போட்டு வச்சிட்டுப் போனேன். திங்கக்கிழமை வந்தா வேற அலமாரியில இருக்கு. மூடியைக் காணோம். இருந்த ஸ்பிரிட்டெல்லாம் ஆவியாப் போச்சு. அன்னிக்கே புகார் எழுதிக் குடுத்தேன்."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"வேற யாரு, மாடிக்குப் பொறுப்பு புரொபசர்தானே. அவருகிட்டதான். பாக்கிறேன்னாரு."

நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். என் காது சூடாக இருந்தது. மணி இரண்டு இருபது.

"அண்ணி, இவரும் இல்லேன்னா யாரு? நாலு மணிக்கு மேல மாடிக்கு யாரும் வரலையே."

"யாரும் கையெழுத்துப் போடலன்னு சொல்லு. வராம இருக்கிறது வேற, கையெழுத்துப் போடாம இருக்கிறது வேற." அவர் பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்தார். "தினமும் தீ காட்டுறவன் பிளாஸ்டிக்கைக் காட்ட மாட்டான். எலும்பக்காவுக்குத் தீ காட்டுற பழக்கமே இல்ல. மிச்சம் இருக்கிறது ஒரே ரகம்தான். ஒரு காலத்துல எல்லாம் கண்ணாடியா இருந்தப்ப தினமும் காட்டி, அப்புறம் தொடறதையே விட்டவன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் தொங்கிய அந்தப் படம். பிறந்தநாள் மெழுகுவத்தி.

"விழுங்கு செல் ஆராய்ச்சி" என்றேன். "ஒட்டுறதை வச்சுக்கிட்டு, மிதக்கிறதைக் கொட்டுறது."

"மெதுவாப் பேசு. இது வெறும் ஊகம். பாட்டில் வாய் கோணியிருக்குன்னு சொன்னா, எலும்பக்காவே தீ காட்டினாங்கன்னு சொல்லிடுவாரு. அவரு கைதான் சாட்சி சொல்லணும்."

சரியாக மூன்று மணிக்கு இயக்குநர் வந்தார். கண்டிப்பான அம்மாள். புரொபசர் பக்கத்தில் இருந்தார், கையில் தட்டச்சு செய்த கடிதம். எலும்பக்கா சுவரோரம் நின்றார், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. கிருமி சாரையும் அண்ணி வரச் சொல்லியிருந்தார். அவர் இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் அண்ணி, புரொபசரைப் பார்த்து, ரொம்பப் பணிவாக. "ஆறாவது நாள் மீடியத்தை எப்படி மாத்தணும்னு நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டினா, இவங்க எங்க தப்பு பண்ணினாங்கன்னு இயக்குநர் அம்மாவுக்கும் விளங்கும். உங்களை மாதிரி இந்தத் துறையையே கட்டினவங்க செய்யறதைப் பாக்கிறது எங்களுக்கும் பாக்கியம்."

புகழ்ச்சி என்பது எவ்வளவு பெரிய ஆளையும் நாற்காலியில் உட்கார வைத்துவிடும். அவர் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தார். எலும்பக்கா ஒரு தட்டும் புதிதாகப் பிரித்த பாட்டிலும் வைத்தார். புரொபசரின் கைகள் தட்டைத் தொட்டதும் மனிதர் பத்து வயது குறைந்தாற்போல் ஆனார்.

தட்டைச் சாய்த்தார். பாதி மீடியத்தை உறிஞ்சினார். கொட்டு, கொட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் கொட்டவில்லை. ஒரு குழாயில் பத்திரமாக விட்டார்.

"இதைச் சுழற்றி, அடியில தங்குற செல்லைத் திருப்பித் தட்டுல விடணும். இதைத்தான் அந்தப் பொண்ணு வேணும்னே செய்யல" என்றார்.

மனிதர் திங்கட்கிழமைக்குப் பிறகு பாடத்தை ஒழுங்காகப் படித்து வைத்திருக்கிறார். இயக்குநர் தலையை ஆட்டினார். எலும்பக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தட்டைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் சார்?"

"அப்புறம் புது மீடியம்." அவர் பாட்டிலைத் திறந்தார். மூடி சுண்டுவிரல் மடிப்பில் தானாகப் போய் உட்கார்ந்தது. பாட்டிலை வலது பக்கம் கொண்டுபோனார். ஒன்றுமில்லாத இடத்தில் அதைச் சாய்த்து, அதன் வாயை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தட்டருகே கொண்டுவந்து மீடியத்தை எடுத்தார். மூடுவதற்கு முன் மறுபடியும் வலது பக்கம், மறுபடியும் ஒரு சுற்று.

"இன்னொரு தடவை செய்யுங்க சார்" என்றார் அண்ணி.

அவர் செய்தார். அதே வலது பக்கம். அதே சுற்று.

"அங்க என்ன இருக்கு?"

"எங்க?"

"வலது பக்கம். நாலு தடவை பாட்டிலைக் கொண்டுபோய் வெறும் காத்துல சுத்தினீங்களே, அங்க என்ன இருக்கணும்?"

அவர் தன் கையைப் பார்த்தார். அது யாரோ ஒருவருடைய கை மாதிரி பார்த்தார். அண்ணி கைப்பையிலிருந்து வாய் கோணிய பாட்டிலை எடுத்து, அவருடைய வலது பக்கத்தில் வைத்தார்.

"அங்க இருக்க வேண்டியது என் விளக்கு!" என்று கத்தினார் கிருமி சார். "திருட்டுக் குடுத்தவன் புகாரைத் திருடன்கிட்டயேவா குடுத்தேன்!"

"அம்மா, துறைத் தலைவர்கள் வாசல்ல கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"தேவையில்ல" என்றார் இயக்குநர். அவர் குரல் இறங்கியிருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்தீங்களா?"

புரொபசர் கையுறையைக் கழற்றினார். "சாயங்காலம் வந்தேன். சும்மா பாக்கத்தான் வந்தேன். தட்டெல்லாம் கலங்கலா இருந்துச்சு. பசியோட இருக்குன்னு தோணுச்சு. ஒரு தடவை என் கையால செய்யலாமேன்னு... இருபத்திரண்டு வருஷம். எந்தச் செல்லுன்னு கை யோசிக்கல. அது பாட்டுக்குச் செஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போறப்ப எவ்வளவு சந்தோஷமா போனேன் தெரியுமா?"

ஒரு நொடி எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த நொடியே என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

"எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார் அண்ணி.

"திங்கக்கிழமை. இவ வந்து கத்தினப்ப."

"அப்ப வாயைத் திறந்திருந்தா அது ஒரு தப்பு. எல்லாருக்கும் நடக்கிற தப்பு. இயக்குநர் அம்மா திட்டியிருப்பாங்க, அதோட போயிருக்கும். நீங்க வாயைத் திறக்கல. பேனாவைத் திறந்தீங்க." அண்ணியின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை கை செஞ்சதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் சார். திங்கக்கிழமை செஞ்சது கை இல்ல. நீங்க."

இயக்குநர் அந்தக் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். "நீங்க வேலையில தொடரலாம்மா" என்றார் எலும்பக்காவிடம். "அவர்மேல விசாரணை நான் பாத்துக்கிறேன். அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா இப்பவே கேக்கச் சொல்றேன்."

"எனக்கு எதுக்கும்மா மன்னிப்பு? வச்சு நான் என்ன பண்ண?" எலும்பக்கா முன்னால் வந்தார். நோட்டை விரித்து, புரொபசரின் முன்னால் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். "இதை அடிச்சிட்டு எழுதுங்க."

புரொபசர் 'பணியாளரின் வன்மத்தால்' என்பதை அடித்தார். மேலே சின்ன எழுத்தில் 'தவறுதலால்' என்று எழுதினார்.

"யாரு தவறுதல்?"

"நான்..."

"வாயால சொல்லாதீங்க சார். எழுதுங்க."

எலும்பக்கா அந்த அடைப்புக்குறிமேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். புரொபசர் முதல் எலியின் எண்ணுக்கு நேராக எழுதினார். 'மிதந்த செல்களை நான் கொட்டிவிட்டேன். வீண்.' கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்த ஐந்து வரிக்கும் சேர்த்து மறுபடியும் ஒரு அடைப்புக்குறி போடப் பேனாவைக் கொண்டுபோனார்.

எலும்பக்காவின் உள்ளங்கை பக்கத்தின்மேல் பட்டென்று விழுந்தது.

"ஆறு கழுத்து சார். ஒன்னொன்னா பிடிச்சேன். மொத்தமா பிடிக்கல."

புரொபசர் இரண்டாவது வரியை எழுதினார். மூன்றாவதை எழுதினார். அதற்குமேல் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார், போதுமே என்று கேட்கிறாற்போல.

காய்த்துப்போன அந்த ஆள்காட்டி விரல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது.

"இன்னும் மூணு இருக்கு."